பங்காளிகளும் பங்குதாரர்களும்

தமிழில் ‘பங்காளி’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் ‘பங்குதாரர்’ என்ற சொல்லுக்கு இல்லை. பங்காளி என்பவர் கொல்லைப்புற வழிக்காக இருபது வருடம் வழக்காடுபவர். சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்காமலே வந்து தோள் கொடுப்பவர். பங்குதாரரோ குளிரூட்டிய அறையில் அமர்ந்து, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். நகரங்களின் நீடித்த வளர்ச்சியைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் இந்த இரண்டாமவரே எங்கும் நிறைந்திருக்கிறார். அரசு, உள்ளாட்சி, தொண்டு நிறுவனம், தனியார் ஆகிய நான்கும் கைகோத்தால் ஊர் உருப்படும் என்பது 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டுக்குப் பிறகு உலகெங்கும் ஓதப்படும் மந்திரம். மந்திரத்தில் எனக்குப் பகை ஒன்றுமில்லை. யார் எதைக் கொண்டுவந்து போட்டார்கள், யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்கும்போதுதான் பேச்சு சுவையாகிறது.

இந்தக் கேள்வியோடு புதுச்சேரியின் வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். தமிழர் பகுதியில் இருக்கும் இவ்வீதிக்குக் கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றொரு பெயரும் உண்டு. கடற்கரைப் பக்கம் வரும் பயணிகள் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகப் பிரெஞ்சுப் பகுதியைப் படமெடுத்துக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுகிறார்கள். தாண்டினால்தான் இந்த ஊரின் உண்மையான கலப்பு தெரியும். கீழே தமிழ் வீடு: திண்ணை, செதுக்கிய நிலை, நடை, முற்றம். மேலே ஏறினால் வளைவுச் சன்னல்களும் சுதைத் தூண்களுமாகப் பிரெஞ்சு மாடி. வீட்டுக்கு வெளியே, தெருவை ஒட்டி மரக்கால்களின் மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம். ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டிலும் இதே இலக்கணம்தான். கீழே மரத்தூண், மேலே சுண்ணாம்புத் தூண். நாட்குறிப்பு எழுதிய துபாசிக்கு இரண்டு உலகமும் வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்கும் வேண்டியிருந்தது.

வைசியாள் வீதி இன்று இப்படி நிற்பதற்குக் காரணம் ஒரு கூட்டு ஏற்பாடு. ஐரோப்பிய ஆணையம் ‘ஆசியா அர்ப்ஸ்’ என்றொரு திட்டம் வைத்திருந்தது. ஐரோப்பிய நகரங்களும் ஆசிய நகரமொன்றும் சேர்ந்து விண்ணப்பித்தால் பணம் கிடைக்கும். 2002இலிருந்து 2004 வரை புதுச்சேரிக்குக் கிடைத்த துணைகள் இரண்டு: இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ. முன்னது ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர், 1998இல் உலக மரபுச் சின்னமானது. பின்னது 13ஆம் நூற்றாண்டில் கட்டம் கட்டமாகத் தெருப் போட்டு உருவாக்கிய சிற்றூர்; உலர்ந்த பிளம் பழத்துக்குப் பேர்போன வட்டாரம். புதுச்சேரியும் கட்டத் தெருக்களின் ஊர்தான் என்பதால் அந்தப் பொருத்தத்தில் ஒரு நியாயம் இருந்தது. உள்ளூரில் புதுச்சேரி நகராட்சியும் அரசும் ஒரு கை. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் இன்னொரு கை. திட்டத்தின் நீளமான தலைப்பு, மரபைக் காப்பதன் வழியாக நகரத்தின் பொருளாதார, சுற்றுச்சூழல் நோக்கங்களை அடைவது என்று சொல்லிற்று. தலைப்பு நீளமாக இருந்தால் உள்ளே நெய் குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம். இங்கே அப்படி ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதுதான் ஆராயத் தக்கது. வீடுகள் அரசுடையவை அல்ல, தனியாருடையவை. தனியார் வீட்டில் பொதுப் பணத்தைப் போடுவது நம் ஊரில் லேசில் நடக்கிற காரியமா? ஈடுமானியம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். முகப்பைப் பழுதுபார்க்க ஆகும் செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர் போட வேண்டும். மறுபங்கைத் திட்டம் போடும். வேலையின் முறையை இன்டாக்கின் கட்டடக் கலைஞர்கள் சொல்வார்கள். சிமெண்டை அள்ளிப் பூச முடியாது. இந்த ஒரு விதி பல நல்ல விளைவுகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் தன் காசைப் போட்டதால் கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்தார். இலவசமாக அடித்துக்கொடுத்த வெள்ளையை நாம் எப்படிப் பேணுவோம் என்று உங்களுக்கே தெரியும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த மேஸ்திரிகளைத் தேடிப் பிடித்தார்கள். செங்கல்லை நெருக்கு நேர் நிறுத்தி, சுண்ணாம்பு வைத்து மரக்கட்டைகளின் மேல் தளம் போடும் மெட்ராஸ் டெரஸ் வேலை, கடுக்காய் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் வேலை எல்லாம் மறந்துபோகும் தறுவாயில் இருந்தன. அவற்றுக்கு மறுபடி கூலி கிடைத்தது. ஏறத்தாழ இருபது வீடுகளின் முகப்பு மீண்டது. அடைபட்டுப்போன தாழ்வாரங்கள் திறந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் இந்த வீதிக்கு இடம் கிடைத்தது.

இங்கே தாழ்வாரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். திண்ணையும் தாழ்வாரமும் யாருடையவை? பத்திரத்தில் பார்த்தால் வீட்டுக்காரருடையவை. வெயிலில் நடந்துவந்த வளையல்காரருக்கும், மழைக்கு ஒதுங்கிய பள்ளிப் பிள்ளைக்கும், இரவு தங்கிய வழிப்போக்கருக்கும் பத்திரம் தெரியாது. சொந்த நிலத்தில், சொந்தச் செலவில், ஊருக்காக நிழல் கட்டி வைப்பது என்பது புரிந்துணர்வு ஒப்பந்தம் இல்லாமல் நடந்த கூட்டு. அதில் வீட்டுக்காரருக்கும் ஆதாயம் இருந்தது: சுவரில் வெயில் நேரே படாது, வீடு குளிர்ந்திருக்கும், தெருவில் போகிற செய்தியெல்லாம் திண்ணைக்குத் தானாக வந்து சேரும். நிழலுக்குச் செய்தி என்ற பண்டமாற்று அது. இந்தக் கூட்டு எப்போது முறிந்தது என்றால், தெருவில் மோட்டார் வண்டியும் வீட்டில் பயமும் வந்தபோது. திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டோம். பிறகு திண்ணையையே உடைத்து வண்டி நிறுத்தினோம். ஆசியா அர்ப்ஸ் செய்த பெரிய காரியம் சுவருக்கு வண்ணம் அடித்ததல்ல. ஒரு தெருவளவிலாவது, ஒரு காலத்துக்காவது, அந்தப் பழைய கூட்டைத் திரும்ப எழுதிக் காட்டியது.

சரி, ஆதாயக் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பிய நகரங்களுக்கு அனுபவமும் ஒரு கீழைநாட்டு உறவும். ஆணையத்துக்குச் சுட்டிக்காட்ட ஒரு வெற்றி. இன்டாக்குக்கு, தான் சொல்லிவந்த முறை நடக்கக்கூடியது என்பதற்குத் தெருவளவு நீளமான சான்று. அதை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு எத்தனையோ கதவுகளைத் தட்ட முடிந்தது. அரசுக்குச் சுற்றுலா. வீட்டுக்காரருக்குப் பாதிச் செலவில் முகப்பும், ஏறிய மதிப்பும். எல்லோருக்கும் ஏதோ கிடைத்திருக்கிறது. கூட்டு நிலைத்ததற்கு அதுவே காரணம். தியாகத்தை நம்பித் தொடங்கும் கூட்டு முதல் தணிக்கையிலேயே கலைந்துவிடும் என்பதை நம் இலக்கியச் சங்கங்களில் பொருளாளராக இருந்தவர்கள் அறிவார்கள்.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் உண்டு. குடியிருப்போர் முதலாமவர். முகப்பு அழகானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் மூன்று தலைமுறையாக முன்கட்டில் தையல் இயந்திரம் ஓட்டியவர் புறநகருக்குப் போவார். அவர் இருந்த இடத்தில் காப்பிக்கடை வரும். என் நண்பர் ஒருவர் தமிழர் பகுதியில் வேறொரு வீதியில் இப்படித்தான் வீடு மாறினார். “சுவர் பிழைச்சுது, நான் பெயர்ந்துட்டேன்” என்றார் சிரித்துக்கொண்டே. காப்பிக்கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தளத்தையாவது ஒழுகாமல் வைத்திருக்கிறார். ஆனால் ஈடுமானியம் கொடுக்கும்போதே, ‘இத்தனை ஆண்டுக்குக் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு என்ன தடை? பொதுப் பணம் போட்ட கூட்டு, பொதுவில் ஒரு நிபந்தனை கேட்டால் தப்பாகாது.

இரண்டாவது விடுபட்டவர்கள் பங்காளிகள். நான் முதலில் சொன்ன அசல் பங்காளிகள். புதுச்சேரியின் தனிச் சிக்கல் இது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். தாத்தா ‘சொல்தா’வாக இந்தோசீனாவுக்குப் போயிருப்பார், பேரன் பாரீசிலோ துலூசிலோ இருப்பார். ஒரு வீட்டுக்குப் பதினொரு வாரிசு. நால்வர் பிரான்சில், ஒருவர் ரெயூனியன் தீவில், இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே வீட்டின் இரு கட்டுகளில். ஈடுமானியப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது? சட்டப்படி எல்லோரும். நடைமுறையில் ஒருவரும் இல்லை. இத்தகைய வீடுகள்தாம் ஒரு கார்த்திகை மழையில் சரிகின்றன. சரிந்த பிறகு பங்கு பிரிப்பது எளிது. காலிமனையை எண்ணால் வகுத்துவிடலாம். இன்டாக் இந்த நகரில் மரபுக் கட்டடங்களாக அடையாளம் கண்டவை ஆயிரத்துக்கு மேல். அவற்றில் கணிசமானவை இப்போது இல்லை. சரிந்தவற்றில் எத்தனை வீடு வறுமையால் சரிந்தது, எத்தனை வீடு பாகப் பிரிவினையால் சரிந்தது என்று யாரேனும் எண்ணிச் சொன்னால் நகரக் கொள்கை எழுதுபவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாவதாக விடுபட்டவர் நகரமே. இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரலாம். ஆசியா அர்ப்ஸ் என்பது நகரங்களுக்கிடையேயான கூட்டு. உர்பினோவுக்கு மேயர் இருந்தார். வில்நெவ்வுக்கு மேயர் இருந்தார். இருவரும் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். புதுச்சேரியில்? 1968இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 2006இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. திட்டம் நடந்த 2002-04இல் நகராட்சி என்பது அதிகாரிகளின் அலுவலகம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்கில் நீதிமன்றப் படியேறி நின்றுபோயிற்று. பிரெஞ்சிந்தியாவில் 1880இலேயே நகராட்சி மன்றங்கள் ஏற்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடற்கரைச் சாலையில் ‘மேரி கட்டடம்’ என்று ஊரார் சொல்லும் கட்டடம் இருக்கிறது. வெளியூர் நண்பர் ஒருவர் மாதா கோயிலா என்று கேட்டார். இல்லை, பிரெஞ்சில் ‘மெரி’ என்றால் மேயர் மாளிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில், கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தின் கீழ், பழைய உருவிலேயே மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அதுவும் ஒரு கூட்டுத்தான். இன்டாக்கும் போராடிய ஊர்மக்களும் இல்லாவிட்டால் அவ்விடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று எழுந்திருக்கும். நான் சொல்ல வருவது வேறு. மேயர் மாளிகையைத் தூண் மாறாமல் திரும்பக் கட்ட நமக்கு உலக அளவில் பங்குதாரர்கள் கிடைத்தார்கள். மேயரைத்தான் கட்ட முடியவில்லை.

மன்றம் இல்லாததால் என்ன குறைந்துவிட்டது, அதிகாரிகள் நன்றாகத்தானே செய்கிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அதிகாரி நன்றாகச் செய்வார். பிறகு மாற்றலாகிப் போவார். வெளிநாட்டுப் பணம் மூன்று ஆண்டில் முடியும். தொண்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு, ஆணையிடும் உரிமை இல்லை. கூட்டின் நாலு காலில் நிலையாக நிற்க வேண்டிய கால் உள்ளாட்சி. கனடாவின் ஹாமில்டன் வட்டாரம் 1992இல் ‘பார்வை 2020’ என்று ஒரு நீண்டகாலத் திட்டத்தை வகுத்தது. ஆயிரம் குறை இருந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கவும், ஏன் செய்யவில்லை என்று கேட்கப்படவும் ஒரு மன்றம் இருந்தது. நம் ஊரிலோ 2017இல் பொலிவுறு நகரத் திட்டம் வந்தபோது அதை நடத்த ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். நாடு முழுக்க விதி அதுதான். மன்றம் இருக்கும் ஊரில் கம்பெனியைக் கேள்வி கேட்க ஆள் இருப்பார். மன்றம் இல்லாத ஊரில் கம்பெனியே ஊராகிவிடுகிறது. கம்பெனி ஆட்சி என்பது புதுச்சேரிக்குப் புதிதல்லவே என்று ஆனந்தரங்கப் பிள்ளை எங்கிருந்தோ குறிப்பெழுதிக் கொண்டிருக்கக் கூடும்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் இதே மண்ணில், இதே ஐரோப்பியப் பணத்தில் உண்டு. 1999இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம். புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரி குளங்களைத் தூர்வாரி, கரை உயர்த்தி, மதகு சரிசெய்வது நோக்கம். அதன் உயிர்நாடி, ஒவ்வோர் ஏரிக்கும் பாசனக்காரர்களைக் கொண்டு ஒரு சங்கம் அமைத்ததில் இருந்தது. பொதுப்பணித்துறை மேலிருந்து செய்து கொடுத்துவிட்டுப் போகாமல், சங்கம் தீர்மானித்து, சங்கம் பங்கு போட்டு, சங்கம் மேற்பார்த்தது. பாகூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிய பாடமல்ல. பிரெஞ்சுக் காலத்திலேயே ‘சிந்திகா அக்ரிகோல்’ என்ற விவசாயச் சங்கங்கள் நீர் மேலாண்மை செய்திருந்தன. அதற்கும் முன்னே ஏரி வாரியம். ஆட்சி மாறிப் பெயர் மாறினாலும், தண்ணீரை யார் முதலில் விடுவது என்று கரையில் நின்று சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை. சண்டை போடத் தெரிந்தவர்களால்தான் கூட்டு நடத்த முடியும். அந்த ஏரிகளெல்லாம் இன்று பளிங்குபோல் இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆக்கிரமிப்பும் ஆழ்துளைக் கிணறும் சங்கங்களைவிடப் பலம் வாய்ந்தவை. ஏரித் தண்ணீர் தேவையில்லாத விவசாயிக்கு ஏரிச் சங்கம் எதற்கு? ஆதாயம் வற்றினால் கூட்டும் வற்றுகிறது. இருந்தும், திட்ட அலுவலகத்தைப் பூட்டிய பின்பும் கேள்வி கேட்க ஊரில் ஓர் அமைப்பு இருந்தது என்பது வைசியாள் வீதிக்கு வாய்க்காத பேறு.

தண்ணீர் என்றதும் ஆயி நினைவுக்கு வராமல் போகாது. விஜயநகர அரசன் அந்தி நேரத்தில் விளக்கொளி மிகுந்த ஒரு மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட, அது ஆயி என்னும் தாசியின் வீடென்று தெரிந்து இடிக்கச் சொன்னான். அவள் தானே இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பின்னாளில் முத்திரைப்பாளையத்திலிருந்து பிரெஞ்சுப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்ததுதான் பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை மண்டபம்; அரசு முத்திரையில் இருப்பதும் அதுவே. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டுப் பற்றிய கதையாகப் படித்தால் அதன் கசப்பு தெரியும். அரசன் அவமானத்தைப் போட்டான். அவள் வீட்டைப் போட்டாள். ஊர் தண்ணீரை எடுத்துக்கொண்டது. அவள் பங்கு ஒரு மண்டபம்.

கடற்கரைக்கும் வருவோம். 1980களின் இறுதியில் தென்புறம் துறைமுகத்துக்காகக் கடலில் நீட்டிய கல்கரைகள், இக்கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. நகரின் மணற்கரை மறைந்தது, கருங்கல் கொட்டினார்கள். பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்காக எழுதியும் பேசியும் இது இயற்கையின் சீற்றமன்று, மனிதத் தவறு என்று நிறுவின. பிறகு மத்திய புவி அறிவியல் அமைச்சகம், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், புதுவை அரசு ஆகியவை சேர்ந்து 2018 வாக்கில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பொன்றைக் கடலடியில் இறக்கின. மணல் திரும்பியது. என் பெண் முதன்முறையாக அங்கே காலை நனைத்தாள். நான் சிறுவனாக நின்ற இடமென்று அவளிடம் சொல்ல முடிந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கல்லைக் கொட்டக் கொட்ட அரிப்பு வடக்கே நகர்ந்து, வைத்திக்குப்பத்தையும் மாநில எல்லை தாண்டிப் பொம்மையார்பாளையத்தையும் தின்றதே, அந்தக் கட்டுமரக்காரர்கள் எந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் இருந்தார்கள்? அலைக்கு ஒன்றியப் பிரதேசமும் மாநிலமும் தெரியாது. ஒப்பந்தத்துக்குத் தெரியும். நகரத்தின் உலாச்சாலைக்கு முதல் மணல் கிடைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவும் சொன்னதால் கூட்டே வேண்டாம் என்பது என் கட்சி என்று கொள்ள வேண்டாம். ஒற்றை ஆளாக அரசு செய்ததன் இலட்சணம் அந்தக் கருங்கல் குவியல். ஒற்றை ஆளாகத் தனியார் செய்ததன் இலட்சணம் உடைந்த திண்ணை. வைசியாள் வீதியின் ஈடுமானியத்தையும் ஏரிச் சங்கத்தின் கரைச் சண்டையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்கிறேன். அதாவது ஒரு வீதிச் சங்கம்: வீட்டுக்காரர், குடியிருப்பவர், கடைக்காரர், மேஸ்திரி, துலூசிலிருந்து தொலைபேசியில் வரும் வாரிசு உட்பட. அதன் குரலைக் கேட்க, அவர்களுடைய ஓட்டில் வந்த ஒரு நகரமன்றம். மானியப் பணத்தில் ஒரு சிறு பகுதி, பாகப் பிரிவினையைப் பேசி முடிக்கும் வழக்கறிஞர் செலவுக்கு என்று ஒதுக்கினால் சுண்ணாம்பைவிட அது அதிக வீடுகளைக் காக்கும் என்பது என் கணிப்பு.

சென்ற மார்கழியில் தமிழர் பகுதியில் ஒரு வீட்டைப் பார்த்தேன். தாழ்வாரத்தின் ஒரு பாதி புதிய ஓடும் தேக்கு மரக்காலுமாக நிமிர்ந்து நிற்கிறது. மறுபாதியில் தகரம் சாய்த்துக் கட்டியிருக்கிறது. நடுவே ஒரு மூங்கில் தட்டி. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம் காரணம் கேட்டேன். “இது எங்களுது. அது எங்க சித்தப்பா வகையறாவுது. கேஸ் நடக்குது தம்பி” என்றார். மழை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அந்நேரம் தகரத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா டம்ளரில் காப்பி கொண்டுவந்து, தட்டியின் இடுக்கு வழியாக அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.